லெந்து நாட்களில் எந்த நோன்பைக் கைக்கொள்வது?

ஈஸ்டருக்கு முந்தைய இந்த 40 நாள் நோன்புக் காலத்துக்கு எங்கள் வீட்டில் ஒரே பெயர் கிடையாது. ஈரோட்டுத் தென்னிந்தியத் திருச்சபை ஒன்றில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்த எனக்கு அது லெந்து. கருமத்தம்பட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வந்த என் மனைவிக்கு அது தவக்காலம். திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன இடத்தில் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்ட என் தம்பிக்கோ அப்படி ஒரு காலமே கிடையாது. ஜனவரியில் சபை அறிவிக்கும் 21 நாள் உபவாச ஜெபமே அவனுக்கு ஆண்டின் பெரிய நோன்பு. இவை போதாவென்று, கோவையில் கல்லூரியில் படிக்கும் மகள், சோற்றை விடுவதைக் காட்டிலும் கைப்பேசியை விடுவதே தன் வயதுக்காரர்களுக்கு ஏற்ற நோன்பு என்று சென்ற ஆண்டிலிருந்து வாதிடுகிறாள். லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு இரண்டு வாரம் முன்பே, இந்த நான்கில் எதைக் குடும்பமாகக் கைக்கொள்வது என்ற பேச்சு தொடங்கிவிடும். அந்தப் பேச்சில் நான் ஒவ்வொரு வழியையும் எப்படி எடை போட்டேன் என்பதையும், எந்த முடிவுக்கு வந்தேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

எது கடினமான நோன்பு என்று கேட்டால் தம்பியின் வழி வென்றுவிடும். எது நம் வேலைக்கு இடைஞ்சல் இல்லாதது என்று கேட்டால் மகளின் வழி வென்றுவிடும். நோன்பு எதற்காக என்ற கேள்வியை இவ்விரண்டும் தொடவில்லை. மோசேயின் நியாயப்பிரமாணம் இஸ்ரவேல் மக்கள் எல்லாருக்கும் ஆண்டுதோறும் விதித்த நோன்பு ஒரே ஒரு நாள்தான். அது ஏழாம் மாதம் பத்தாம் தேதி, பாவநிவாரண நாள். லேவியராகமம் 16-ஆம் அதிகாரம் அந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது பட்டினி என்று சொல்வதில்லை. ஆத்துமாக்களைத் தாழ்மைப்படுத்துவது என்று சொல்கிறது. உபாகமம் 8:3 இன்னும் ஒரு படி மேலே போய், தேவன் தம் மக்களைப் பசியால் வருத்தி மன்னாவால் போஷித்ததற்குக் காரணம், மனிதன் அப்பத்தினால் மாத்திரம் பிழைப்பதில்லை என்று அவர்கள் உணர்வதற்கே என்கிறது. வனாந்தரத்தில் 40 நாள் பசித்திருந்த இயேசு, கல்லை அப்பமாக்கச் சொன்ன சோதனைக்காரனுக்குப் பதிலாக எடுத்துச் சொன்னதும் இந்த வசனத்தைத்தான். மலைப்பிரசங்கத்தில் அவர் தர்மம், ஜெபம், உபவாசம் என்ற மூன்றையும் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து வைத்து, மூன்றையும் அந்தரங்கத்தில் செய்யச் சொல்கிறார். அவற்றுள் ஒன்றைப் பிடுங்கித் தனியே நட்டால் அது பிழைக்காது என்பது என் எண்ணம். ஏசாயா 58-ஆம் அதிகாரம் இதையே உடைத்துச் சொல்கிறது: பசியுள்ளவனுக்கு உணவைப் பகிர்ந்து கொடுப்பதும், கட்டுகளை அவிழ்ப்பதும், நுகத்தடியை உடைப்பதுமே கர்த்தர் தெரிந்துகொண்ட உபவாசம்.

ஆகவே நான் ஒவ்வொரு வழியிடமும் கேட்கும் கேள்விகள் மிகவும் சாதாரணமானவை. உண்ணாமல் விட்ட வேளையில் கிடைத்த நேரம் எங்கே போனது? விட்ட உணவு யார் வயிற்றுக்குப் போனது? பசியில் மனம் இளகியதா, இறுகியதா? கேட்டதைத் தரவைக்கும் வல்லமை உபவாசத்துக்கு எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பட்டினி கிடந்தால் தேவன் மனமிரங்குவார் என்பது வேறு, பட்டினி கிடந்ததால் அவர் கடன்பட்டிருக்கிறார் என்பது வேறு. மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், கடைக்கு வியாபாரம் என்று பட்டியல் போட்டு இருக்கும் உபவாசம் பெரும்பாலும் இரண்டாவது வகையில் போய் முடிகிறது.

கொங்கு நாட்டுப் பேச்சில் இதற்கு ஒரு வேடிக்கையான எச்சரிக்கை இருக்கிறது. இங்கே பண்டிகைக்குப் பெயரே நோம்பி. மாரியம்மன் கோயில்களில் நோன்பு சாட்டிக் கம்பம் நட்டு, விரதமிருந்து, கடைசியில் கொண்டாடும் விழாவுக்கு நோன்பின் பெயரே ஒட்டிக்கொண்டு, பிறகு தீபாவளிகூட நோம்பியாகிவிட்டது. கோவையில் இருக்கும் மலையாளச் சிரியன் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன் இறைச்சி, மீன், முட்டை முதலியவற்றை நீக்கி இருக்கும் 'அம்பது நோம்பு' என்பதைக் கேட்கும் எங்கள் ஊர்க்காரர் எவரும் முதலில் ஐம்பது பண்டிகையா என்றுதான் வியப்பார். பட்டினியைக் குறித்த சொல் விருந்தைக் குறிக்க வந்த இந்த வழுக்கலை நம் நோன்புகளிலும் அடிக்கடி பார்க்கிறேன்.

முதலில் மனைவியின் வழி. கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய தமிழ்ச் சொற்கள் இங்கே மிகத் துல்லியமானவை: ஒரு வேளை மட்டும் முழு உணவு உண்பது ஒருசந்தி, இறைச்சியை நீக்குவது சுத்தபோசனம். இன்றைய திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி கட்டாயமான நாட்கள் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரண்டே. 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறையும் வரை அதற்குக் கட்டுப்பட்டவர்கள். அன்று ஒரு முழு உணவும், சேர்த்தாலும் ஒரு வேளைக்கு ஈடாகாத இரண்டு சிற்றுணவும் கொள்ளலாம். சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்குரியது. தவக்கால வெள்ளிகளில் அது கட்டாயம். போப் ஆறாம் பவுல் 1966-இல் பழைய கடுமைகளைத் தளர்த்தியபோது, ஒறுத்தலையும் ஜெபத்தையும் இரக்கச் செயலையும் ஒன்றாகப் பிணைக்க வேண்டும் என்பதை வலியுறுத்தினார். ஆனால் என் மனைவியின் அம்மாயி, அதாவது தாய்வழிப் பாட்டி, அந்தத் தளர்வைக் கடைசி வரை ஏற்கவில்லை. ஞாயிறு நீங்கலாக 40 நாளும் மத்தியானம் ஒரு வேளைச் சோறு, மாலையில் கம்மங்கூழ் என்று இருந்து, வாரக் கடைசியில் ஒரு படி அரிசியைத் தனியே அளந்து வைத்து, கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார். இந்த வழியின் பெரிய நன்மை அது நாட்காட்டியோடு கட்டப்பட்டது என்பதுதான். நமக்குத் தோன்றும்போது அல்ல, திருச்சபை முழுவதும் இருக்கும்போது நாமும் இருக்கிறோம். தனி மனித வீரத்துக்கு அதில் இடம் குறைவு.

அதன் பலவீனம் சுத்தபோசனத்தில் இருக்கிறது. வெள்ளியும் செவ்வாயும் கவுச்சி சேர்க்காத வீடுகள் நிறைந்த ஊரில், வெள்ளிக்கிழமை கறி தின்னாமல் இருப்பதை ஒரு துறவு என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அதிலும் இறைச்சிக்குப் பதில் காளான் பிரியாணியும் பன்னீரும் இலையில் வந்து இறங்கினால், சமையல் பட்டியல் மாறியதே தவிர வேறு எதுவும் மாறவில்லை. 'சுத்தபோசனச் சமையல்' என்று தனியாகத் திட்டமிட்டு, மற்ற நாளைவிட அதிகம் செலவழித்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலும் உண்டு.

இரண்டாவது, என் சபையின் வழியான வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். வாரத்தில் குறித்த நாளில் நோன்பிருப்பது கிறிஸ்தவத்தில் மிகப் பழைய வழக்கம். முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய 'திதகே' என்னும் போதனை நூல், மாயக்காரர் (வெளிவேடக்காரர்) திங்களும் வியாழனும் நோன்பிருக்கிறார்கள், நீங்கள் புதனும் வெள்ளியும் இருங்கள் என்கிறது. ஆண்டவர் மாயக்காரரைப் போல இராதேயுங்கள் என்று சொன்னதற்கு, கிழமையை மாற்றிக்கொண்டால் போதும் என்று யாரோ பொருள் கொண்டது போலத் தோன்றி நான் சிரித்ததுண்டு. ஆனாலும் அந்த இரு நாள் ஒழுங்கு நூற்றாண்டுகளாக நிலைத்தது. 18-ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் தம்மைப் பின்பற்றியோருக்கு அதை வலியுறுத்தினார். எங்கள் சபைகளில் காலை பத்து மணிக்குக் கூடி, மத்தியானம் தாண்டும் வரை பாட்டும் வேதவாசிப்பும் பரிந்துரை ஜெபமுமாக இருப்பார்கள். விட்ட வேளையின் நேரம் அப்படியே ஜெபத்துக்குப் போய்விடுகிறது என்பதால், என் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எந்த வழியிலும் இல்லை.

குறை எங்கே என்றால், அந்தக் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஓய்வு பெற்றவர்களும், வேலைக்குப் போகாத பெண்களும், சொந்தத் தொழில் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களும்தான். ஷிப்டில் நிற்கும் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கும், நாள் கூலிக்கு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவருக்கும் வெள்ளி காலை பத்து மணி என்பது அவர்களுக்குச் சொந்தமான நேரம் அல்ல. இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஜெபம் முடிந்ததும் பந்தி. விட்ட வேளை இரண்டு மணி நேரம் தள்ளிப்போய், சில நாட்களில் வீட்டுச் சாப்பாட்டைவிடப் பெரிதாகத் திரும்பி வருகிறது. மிச்சமான உணவு என்று ஒன்றும் இல்லாததால், பகிர்வதற்கும் ஒன்றும் இல்லை.

மூன்றாவது, தம்பியின் வழி. 21 நாள், அல்லது வேதத்தில் வரும் யூத அரசி எஸ்தரைப் போல மூன்று நாள் முழுப்பட்டினி. இதைப் பற்றி எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது, ஏனெனில் உண்மையான தாகத்தோடு இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். தம்பி குடியை விட்டதும் அப்படி ஒரு உபவாச நாட்களில்தான். ஆயினும் வேத ஆதாரம் என்று காட்டப்படும் இடங்களைத் திறந்து பார்க்க வேண்டும். தானியேல் 10-ஆம் அதிகாரத்தின் மூன்று வாரம் முழுப்பட்டினி அல்ல. ருசியான உணவையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் அவர் நீக்கினார், அவ்வளவே. எஸ்தர் மூன்று நாள் இரவும் பகலும் உண்ணாமல் குடிக்காமல் இருந்தது, ஒரு இனமே அழிக்கப்படும் ஆணை பிறந்த நெருக்கடியில். அந்தச் சம்பவத்தின் நினைவாக யூதர் ஆண்டுதோறும் கொண்டாடும் பூரீம், விருந்து வைத்து, எளியவர்களுக்கு உதவி அனுப்பும் நாள் என்பது எஸ்தரின் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது.

உடலைப் பற்றியும் பேசியாக வேண்டும். இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர் உணவை நிறுத்தினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயங்கி விழலாம். மாத்திரையையும் சேர்த்து நிறுத்துவது விசுவாசம் ஆகாது. பல நாள் முழுப்பட்டினிக்குப் பின் திடீரென்று வயிறு நிறைய உண்பதும் உடலின் தாது உப்புகளைக் குலைத்து உயிருக்கே தீங்காகலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் விலக்கு. காலமும் கணக்கில் வர வேண்டும்: 2025-இல் ஈஸ்டர் ஏப்ரல் 20-இல் வந்ததால், கரூரும் ஈரோடும் கொதிக்கும் நாட்களில் லெந்தின் கடைசி வாரங்கள் விழுந்தன; 2027-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28 என்பதால் வெயில் உச்சத்துக்குப் போகுமுன் முடிந்துவிடும். தண்ணீர் குடிக்காத நோன்பை இந்தப் பக்கத்துக் கோடையில் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் நீண்ட நோன்பின் மீது எனக்கு இருக்கும் பெரிய ஐயம் வெயிலால் வந்ததல்ல, என்னாலேயே வந்தது. பள்ளிபாளையத்தில் எனக்கு ஒரு சிறிய விசைத்தறிப் பட்டறை இருக்கிறது, எட்டுத் தறி. மூன்று ஆண்டுகளுக்கு முன் லெந்தில், தம்பியோடு போட்டி போடுகிற மாதிரி, மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்து இருந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு தறியில் பாவு அறுந்து வரிசையாக இழை போனது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே, வியர்வை வழிய இழை பிணைத்துக்கொண்டிருந்த தறி ஓட்டுநரை எல்லார் முன்னும் கேவலமாகப் பேசினேன். அந்த வாரக் கூலியிலும் பிடித்தேன். அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை கூலி வாங்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "ஏனுங்ண்ணா, நீங்க விரதம் இருக்கற அன்னைக்கெல்லாம் எங்களுக்குத்தானுங்க சிரமமா இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு ஏசாயா 58-ஐ மறுபடியும் எடுத்துப் படித்தேன். பலமுறை படித்த அதிகாரம்தான். நாங்கள் உபவாசிக்கிறோம், நீர் பார்க்கவில்லையே என்று மக்கள் முறையிடும்போது கர்த்தர் முதலில் சொல்லும் பதில், நோன்பு நாளில் நீங்கள் உங்கள் விருப்பப்படி நடந்து, உங்கள் வேலைகளைக் கட்டாயமாக வாங்கிக்கொள்கிறீர்கள் என்பது. அடுத்த வசனம், வழக்காடவும் குத்தவும் நீங்கள் உபவாசிக்கிறீர்கள் என்பது. நுகத்தடியின் பிணையல்களை நெகிழ்ப்பது என்ற சொற்களைக் கடக்கும்போது, எங்கள் பகுதித் தறித் தொழிலில் முன்பணம் என்ற ஒன்று இருப்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய முன்பணம் அடைபடும் வரை அந்தப் பட்டறையை விட்டுப் போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். என் நோட்டிலும் அப்படி மூன்று பெயர்கள் இருந்தன. பரலோகத்தின் கதவைத் தட்டுவதாக நினைத்துக்கொண்டு நான் பட்டினி கிடந்த மூன்று நாளும் அந்த நோட்டு என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

நீண்ட நோன்பு எல்லாரையும் இப்படி ஆக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லூக்கா 18-இல் வாரத்தில் இரண்டு தரம் உபவாசிக்கிறேன் என்று தேவனுக்கே கணக்குச் சொல்லும் பரிசேயனின் சாயல், நாட்களின் எண்ணிக்கை கூடக் கூட நெருங்கி வருகிறது. எத்தனையாவது நாள் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று மனம் ஏங்குகிறது. தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு என்று ஆண்டவர் சொன்னது ஒரு வேளைப் பசியில் எளிது. பதினைந்தாம் நாளில் ஊருக்கே முகம் சொல்லிவிடும்.

நான்காவது வழியைச் சுருக்கமாகச் சொல்லலாம். கைப்பேசி, தொலைக்காட்சித் தொடர், டீக்கடை இவற்றை 40 நாள் விடுவது நல்லதே. கத்தோலிக்கர் இதற்கு ஒறுத்தல் முயற்சி என்ற பொருத்தமான சொல்லை வைத்திருக்கிறார்கள். அதை ஒறுத்தல் என்றே அழைக்கலாம், நோன்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. கைப்பேசி இல்லாமல் இருக்கும்போது சலிப்பு வருகிறது, பசி வருவதில்லை. அடுத்த வேளைச் சோறு உறுதியில்லாதவரின் உடல் எப்படி இருக்கும் என்பதைச் சலிப்பு கற்பிக்காது. ஆனால் சர்க்கரை நோயாளியான என் அம்மாவுக்கு மருத்துவர் உபவாசம் கூடாது என்று சொன்ன பிறகு, மாலைத் தொடர்களை விட்டு அந்த நேரத்தில் சங்கீதம் படித்தது அவருக்கு முழு நோன்பாகவே இருந்தது என்பதையும் மறுக்க மாட்டேன்.

இதையெல்லாம் படிக்கும் சீர்திருத்தச் சபையார் ஒருவர், நோன்பு கட்டாயமில்லையே, விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1522-ஆம் ஆண்டு லெந்தில் சூரிக் நகரத்து அச்சகக்காரர் ஒருவர் வீட்டில் தொத்திறைச்சியைத் துண்டு போட்டுச் சாப்பிட்டது பெரிய வழக்கானபோது, அங்கே இருந்தும் சாப்பிடாத சீர்திருத்தப் போதகர் சுவிங்லி, பின்னர் அவர்களின் சுதந்திரத்துக்காகப் பிரசங்கித்தார். லூத்தரோ 1529-இன் சிறிய ஞானோபதேசத்தில், திருவிருந்துக்கு முன் உபவாசிப்பது நல்ல வெளிப்புற ஒழுக்கம், உண்மையான தகுதியோ விசுவாசமே என்று எழுதினார். சட்டத்திலிருந்து விடுதலை கேட்டவர்கள் அவர்கள். பழக்கத்திலிருந்தே விடுதலை எடுத்துக்கொண்டவர்கள் நாம். மணவாளனாகிய தாம் எடுபடும் நாட்களில் தம் சீடர்கள் உபவாசிப்பார்கள் என்று மத்தேயு 9:15-இல் ஆண்டவர் சொன்னது, கட்டளையாக இல்லாவிட்டாலும் எதிர்பார்ப்பாக இருக்கிறது.

எந்த வழியும் என் கேள்விகள் மூன்றுக்கும் தனியே பதில் சொல்லவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் ஹெர்மாஸ் எழுதிய 'மேய்ப்பன்' என்னும் நூலில் நோன்பாளிக்கு ஓர் அறிவுரை வருகிறது: நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் கொண்டு, அன்று உண்டிருக்கக்கூடிய உணவின் விலையைக் கணக்கிட்டு விதவைக்கோ அநாதைக்கோ தேவையுள்ளவனுக்கோ கொடு. அம்மாயி அளந்து வைத்த ஒரு படி அரிசி இதுதான். அவர் ஹெர்மாஸைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

ஆகவே எங்கள் வீட்டில் தேர்ந்தெடுத்தது மனைவியின் நாட்காட்டியும் என் சபையின் ஜெபமும் கலந்த ஒன்று. லெந்தின் வெள்ளிக்கிழமைகளில் காலையும் மத்தியானமும் உணவில்லை. தண்ணீரும் நீர்மோரும் உண்டு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முக்கால் மணி வேதவாசிப்பும் ஜெபமும், சபைக்குப் போக முடிந்தவர் அங்கே, முடியாதவர் இருக்கும் இடத்தில். மாலை ஆறரைக்குக் கஞ்சியும் கொள்ளுத் துவையலும், அதற்கு மேல் சமையல் கிடையாது. மகள் கைப்பேசியை இதனோடு கூடுதலாக விடலாம், இதற்கு மாற்றாக அல்ல. அதை அவள் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். அம்மாவுக்கு நோன்பு இல்லை. தம்பி தன் 21 நாளைத் தொடர்கிறான், ஆனால் காய்கறியும் கஞ்சியுமாக, தானியேல் இருந்தபடி. நான்கு பேரின் இரண்டு வேளைச் செலவை அன்றன்றே ஒரு டப்பாவில் போடுகிறோம்.

பட்டறையில் செய்த மாற்றங்களுக்கும் நோன்புக்கும் தொடர்பில்லை என்று பக்கத்துத் தறிக்காரர் நினைக்கிறார். சனிக்கிழமை கொடுத்துவந்த கூலியை லெந்தில் வெள்ளி மாலை ஆறு மணிக்கே கணக்கு முடித்துக் கொடுத்துவிடுகிறேன், எந்தப் பிடித்தமும் இல்லாமல். முன்பண நோட்டில் இருந்த மூன்று பெயர்களில் ஒன்றை முதல் ஆண்டு அடித்துவிட்டேன், சென்ற ஆண்டு இன்னொன்று. மூன்றாவது தொகை கொஞ்சம் பெரிது. டப்பாவில் சேர்ந்ததையும் அதற்கே வரவு வைக்கலாமா, அது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் தர்மமாகிவிடாதா என்று மனைவி கேட்டார். அவர் சொன்னது சரி என்று பட்டது. டப்பாவை வெளியே கொடுத்துவிட்டு, அந்தத் தொகையைத் தறி வருமானத்திலிருந்தே கழிக்கப் போகிறேன்.